மருந்துக் காப்புரிமையும் அயல்நாட்டு மூலதனமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வாணிப ஒப்பந்தம் என்றதும், அது வணிகர்க்கும் வழக்கறிஞர்க்கும் உரியதென நம்மிற் பலர் ஒதுங்கிவிடுகின்றோம். ஆயினும், நம் காலனியில் நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்திற்கோ மாத்திரை வாங்காத வீடு அரிது. மருந்தின் விலையை உயர்த்தவும் தாழ்த்தவும் வல்ல விதிகள் அவ்வொப்பந்தங்களிலேதான் எழுதப்படுகின்றன.

புதியதொன்றைக் கண்டவர், பிறர் அதனைச் செய்யாதவாறு குறித்த காலம் தடுப்பதற்கு அரசு அளிக்கும் உரிமையே காப்புரிமை. கண்டவர்க்குப் பயன் வேண்டாவென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், இவ்வுரிமையை வலுவாக அளித்தால் அயல்நாட்டு மூலதனம் தானே வந்து சேரும் என்கிறார்களே, அதுதான் ஆராயத்தக்கது.

ஆராய்ந்தார் ஒருவர். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய இராஜகோபால ஐயங்கார் அவர்கள், 1959-இல் மைய அரசுக்கு அளித்த அறிக்கையில் உண்மையைக் கணக்கோடு காட்டினார். ஆங்கிலேயர் இயற்றிய 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், காப்புரிமைகளுள் நூற்றுக்கு 80 முதல் 90 வரை அயல்நாட்டார் கையில் இருந்தன. அவற்றுள் 90 விழுக்காட்டிற்கு மேற்பட்டவை இந்நாட்டில் தொழிலாக நடத்தப்படவே இல்லை. உரிமை இங்கே, தொழிற்சாலை அங்கே! பூட்டு மட்டும் வந்தது, வீடு வரவில்லை.

அவ்வறிக்கையின் வழியே பிறந்தது 1970-ஆம் ஆண்டுச் சட்டம். மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, அதனைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு என்று அது வகுத்தது. வேறு முறைகளால் அதே மருந்தைச் செய்யக் கற்ற நம் தொழிற்சாலைகள் உலகெங்கும் மருந்து விற்குமளவு வளர்ந்தன.

பின்னர் 1995-இல் உலக வர்த்தக அமைப்பு தோன்றியது. அதன் ஒப்பந்தப்படி, 2005 முதல் மருந்துப் பொருளுக்கும் இருபதாண்டுக் காப்புரிமை அளிக்க வேண்டியதாயிற்று. எனினும், பழைய மருந்தின் புது வடிவம் நோயை முன்னினும் நன்கு தீர்த்தாலன்றி அதற்குக் காப்புரிமை இல்லை என்றொரு பிரிவை நம் நாடாளுமன்றம் சேர்த்தது. சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனம், கிளீவெக் எனும் இரத்தப் புற்றுநோய் மருந்துக்காக அதனை எதிர்த்தது. சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் தொடங்கிய வழக்கு, 1-4-2013 அன்று உச்ச நீதிமன்றத்தில் அந்நிறுவனத்திற்கு எதிராக முடிந்தது. திங்களுக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய் விலையுள்ள அம்மருந்தை, நம் நாட்டு நிறுவனங்கள் 10,000 ரூபாய்க்குள் அளித்துவந்தன. அவ்வேறுபாட்டில் எத்தனை குடும்பங்களின் நிலமும் நகையும் தப்பின என்பதை எண்ணிப் பாருங்கள்!

அதே சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளோடு 2024 மார்ச்சில் நாம் செய்த ஒப்பந்தம், 1-10-2025 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. பதினைந்தாண்டுகளில் பதினாயிரம் கோடி டாலர் முதலீடு என்பது அதன் இலக்கு. நன்று; வரட்டும். அப்பேச்சிலே அந்நாடுகள் மற்றொன்றையும் கேட்டன. முதல் நிறுவனம் அரசுக்குக் காட்டிய மருந்துச் சோதனை விவரங்களைச் சான்றாகக் கொண்டு, பிறர் மருந்துக்குச் சில ஆண்டுகள் அனுமதி அளிக்கலாகாது என்பதே அது. காப்புரிமையே இல்லாத மருந்துக்கும் இதனால் வேலி விழும். நம் அரசு அதற்கு இசையவில்லை.

மூலதனத்தைக் காட்டி இவ்வேலியைக் கேட்போர் இனியும் வருவர். அவர்களிடம் ஐயங்கார் அவர்களின் 1959-ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துக் காட்டலாம்.