காமாலை: வாய் வழியும் இரத்த வழியும்

கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளாகத் தெரிவதைத்தான் காமாலை என்கிறார்கள். வயதான சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. அதைப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்புவது கல்லீரலின் வேலை. கல்லீரல் வீங்கிச் சோர்ந்தால் மஞ்சள் இரத்தத்தில் தேங்குகிறது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். சோற்றைக் கண்டாலே குமட்டும்.

கல்லீரலை இப்படித் தாக்கும் வைரஸ்களில் முக்கியமானவை ஐந்து: ஏ, பி, சி, டி, இ. ஏ, இ இரண்டும் மலம் கலந்த தண்ணீரிலும் உணவிலும் வந்து வாய் வழியாக நுழைகின்றன. மற்றவை இரத்தம், உடலுறவு, பிரசவம் வழியாக வருகின்றன.

1955இல் யமுனையில் வெள்ளம் வந்தபோது, நஜஃப்கர் ஓடையின் சாக்கடை நீர் டெல்லிக்குக் குடிநீர் எடுக்கும் வசீராபாத் வரை ஏறிவிட்டது. குளோரினைக் கூட்டிப் போட்டார்கள். டைபாய்டு பெருகவில்லை. ஆனால் டிசம்பரிலும் ஜனவரியிலும் சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. பாக்டீரியாவைக் கொன்ற குளோரினுக்கு வைரஸ் தப்பிவிட்டது. அது இ வகை என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருப்பவர்களுக்கு அந்த வகை உயிராபத்தானது.

இதற்கு வெள்ளமே வேண்டும் என்பதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும் தெருவில், தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. சாக்கடையை ஒட்டிய இடத்தில் ஒரு சிறு வெடிப்பு இருந்தால், வெளியே தேங்கிய நீரைக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். முதல் குடம் கலங்கலாக வந்தால் கொட்டிவிட்டு அடுத்ததைப் பிடிப்பது வழக்கம். தெளிந்த குடத்திலும் வைரஸ் இருக்கலாம். துணியில் வடிகட்டினால் போகாது; தளதளவென்று கொதிக்க வேண்டும். கொதித்த நீரைக் குடித்துவிட்டு, தெருவோரச் சர்பத்தில் ஐஸ் போடச் சொன்னால் பயனில்லை. கழிப்பறைக்குப் போய் வந்ததும், சமைக்கும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது அவசியம்.

பி வகை அடக்கமான ஆள். பலருக்குக் கண் மஞ்சளிக்காமலே 20, 30 ஆண்டு உடலில் தங்கிக் கல்லீரல் சுருக்க நோயிலோ புற்றுநோயிலோ கொண்டுவிடும். ஒரு துளி காய்ந்த இரத்தத்தில் அந்த வைரஸ் 7 நாள்கூட உயிரோடிருக்கும். அதனால் ஒருவருக்குப் போட்ட ஊசி, மாற்றாத சவர பிளேடு, திருவிழாக் கடையில் பச்சை குத்தும் ஊசி எல்லாமே சந்தேகத்துக்குரியவை. ஒரே பந்தியில் சாப்பிடுவதால், கட்டிப்பிடிப்பதால் பரவாது. பெரியவர்களில் 100க்கு 5 பேருக்கும் குறைவாகவே நோய் நிலைத்துப்போகிறது; பிறக்கும்போதே தொற்றிய குழந்தைகளில் 100க்குச் சுமார் 90 பேருக்கு நிலைத்துவிடுகிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போடுவது இதற்காகத்தான். பி இல்லாதவரை டி அண்டாது என்பதால், அந்த ஊசி டிக்கும் சேர்த்தே காவல்.

கீழாநெல்லியைச் சொல்லாமல் தமிழ்நாட்டில் காமாலைப் பேச்சு முடியாது. சென்னையில் பி வைரஸைச் சுமந்த 37 பேருக்கு 30 நாள் அதைக் கொடுத்ததில் 22 பேர் இரத்தத்தில் அதன் தடயம் மறைந்ததாக 1988இல் லான்செட் இதழ் வெளியிட்டது. அந்தத் தடயத்தைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் கட்டுரையாசிரியர்களில் ஒருவர். பிறகு வேறிடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. ஏ, இ பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே ஆறிவிடும். அப்போது எந்தப் பச்சிலை கொடுத்திருந்தாலும் பெயர் அதற்குத்தான். சூடு போடுவதற்கும் அப்படித்தான் பெயர் வந்தது. புண் மட்டும் மிச்சம்.

சி வகைக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் பெரும்பாலும் 12 வார மாத்திரையில் 100க்கு 95 பேருக்கு மேல் குணமாகிறது. 2018 முதல் தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மாத்திரை நின்று 12 வாரம் கழித்து மறுபடி இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அப்போதும் வைரஸ் இல்லையென்றால்தான் குணமானதாகக் கணக்கு.