கொறங்காட்டுப் புல்லும் நம் பள்ளி வளாகமும்

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கம் பணியாற்றுவோருக்குக் கொறங்காடு புதிதல்ல. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுற்றிலும் கிளுவை முள்வேலி, ஆங்காங்கே வெள்வேல மரம், தரையெங்கும் கொழுக்கட்டைப் புல். காங்கயம் மாடுகளையும் செம்மறி ஆடுகளையும் தலைமுறை தலைமுறையாக வளர்த்த மேய்ச்சல் நிலம் இது. ஒரு காட்டில் மேயவிட்டு, அடுத்ததை ஆறப்போடுவார்கள்.

இந்த நிலத்தைக் காட்டிக் கேட்டால், நம் மாணவர் பலர் 'தரிசு' என்பார்கள். உழவில்லை, விதைப்பில்லை, அதனால் பயனில்லை என்று நினைக்கிறார்கள். இந்த எண்ணத்தைத்தான் நாம் மாற்ற வேண்டும்.

கொழுக்கட்டைப் புல் பல ஆண்டு வாழும். கோடையில் இலை காய்ந்தாலும் தூரில் உயிர் இருக்கும். மழை பெய்ததும் துளிர்க்கும். அதன் சல்லிவேர்கள் மண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன. மடியும் வேர்கள் மட்கி உரமாகின்றன. மழைநீர் உள்ளே இறங்கவும் வழி விடுகின்றன. தூர்களின் மறைவில் கவுதாரியும் காடையும் முட்டையிடுகின்றன. புல்லில் வாழும் பூச்சிகள் குஞ்சுகளுக்கு இரை.

இன்னொன்றையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். கொழுக்கட்டைப் புல் இனங்களுள் ஒன்றை மேய்ச்சலுக்காக அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே அது களையாகப் பரவிவிட்டது. காய்ந்த புல்லில் பற்றும் தீ, தீயைத் தாங்காத சாகுவாரோ கள்ளிகளை அழிக்கிறது. ஒரு புல் நல்லதா என்று கேட்டால் போதாது. எந்த மண்ணுக்கு உரியது என்றும் கேட்க வேண்டும். ஆகவே உங்கள் ஊரில் இயல்பாக வளரும் புல்லையே தேர்ந்தெடுங்கள்.

நம் பள்ளிகளில் சுத்தம் என்றால் புல்லைச் செதுக்குவது என்றாகிவிட்டது. செதுக்கிய தரையில் மழை பெய்தால் மேல்மண் ஓடுகிறது. வளாகத்தின் ஓர் ஓரத்தில் பத்தடிக்குப் பத்தடி மட்டும் ஒதுக்குங்கள். 'பாம்பு வருமே' என்பீர்கள். நியாயமான அச்சம். வகுப்பறை, கழிப்பறை, நடைபாதை ஆகியவற்றிலிருந்து தள்ளி இடம் பாருங்கள். புல் உயர்ந்ததும் அறுத்துவிடுங்கள். மாணவர்கள் உங்களுடன் மட்டுமே அங்கே செல்லட்டும்.

கொழுக்கட்டைப் புல்லானால், புதிதாகப் பறித்த விதை சரியாக முளைக்காது. சில மாதம் உலர வைத்திருந்து, ஈரமணலுடன் கலந்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன் மேலாகத் தூவி, மெல்லிய மண் மூடினால் போதும். தூர் பிரித்தும் நடலாம்.

தொடக்க வகுப்புகள் அங்கே வரும் பூச்சி, பறவைகளை எண்ணி எழுதட்டும். உயர்நிலை வகுப்புகள் இரண்டு தட்டுகளைச் சாய்வாக வைக்கட்டும்: ஒன்றில் புல்லோடு பெயர்த்த மண், மற்றொன்றில் வெறும் மண். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீரை ஊற்றி, வழியும் நீரைக் கண்ணாடிக் குவளைகளில் பிடித்து ஒப்பிடட்டும். கலங்கிய குவளை எது என்று அவர்களே சொல்வார்கள். அதன்பின் கொறங்காட்டைத் தரிசு என்று சொல்லத் தயங்குவார்கள்.