பழைய லைப்ரரியைத் தூக்கிப் போடாதீங்க

கணியம்பாடியில இருந்து பேசறேன். இன்னைக்கு நான் சொதப்பின கதை ஒண்ணு.

முதல் வேலையில என் கைக்கு வந்தது ஐபிஎம் பவர் சர்வர். அதுல ஓடினது லினக்ஸ் இல்ல, ஐபிஎம்மோட யூனிக்ஸான ஏஐஎக்ஸ். ‘ஓப்பன் சோர்ஸ்தானே, கம்பைல் பண்ணா ஓடிடும்’னு நினைச்சேன். ஓப்பன்எஸ்எஸ்எல் புது வெர்ஷனை நானே கம்பைல் பண்ணி, பழைய லைப்ரரி ஃபைல் மேலயே காப்பி பண்ணிட்டேன். அன்னைக்கு ராத்திரி போக வேண்டிய ஃபைல் ஒண்ணுகூட போகல. விடியற வரைக்கும் தூக்கம் இல்ல.

என்ன ஆச்சு? லினக்ஸ்ல ஷேர்ட் லைப்ரரி ஒவ்வொரு வெர்ஷனும் தனி ஃபைல். பழசும் புதுசும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். ஏஐஎக்ஸ்ல வழக்கமா 32 பிட், 64 பிட் ரெண்டும் ‘டாட் ஏ’ன்னு முடியற ஒரே ஆர்க்கைவுக்குள்ள இருக்கும். நான் ஆர்க்கைவையே மாத்திட்டேன். பழைய புரோகிராம் தேடினது உள்ளே இல்ல.

இதைச் சரியா செய்யத்தான் ‘ஏஐஎக்ஸ் டூல்பாக்ஸ்’னு ஐபிஎம் ஆர்பிஎம் பேக்கேஜ்கள் தருது. எல்லாம் ‘ஆப்ட்’ல ‘ஃப்ரீவேர்’ டைரக்டரிக்குள்ள தனியா போய் உட்காரும். புது லைப்ரரியோட பழைய ஆப்ஜெக்ட்டையும் அதே ஆர்க்கைவுல சேர்த்து வைக்கலாம். பழசுக்கு ‘லோட் ஒன்லி’ன்னு ஒரு குறி போட்டுட்டா, பழைய புரோகிராம் ஓடும், புதுசா கம்பைல் பண்றது அதோட ஒட்டாது.

நம்ம ஆம்பூர்ல தோல் ஒண்ணா இருந்தாலும், அளவுக்குத் தகுந்த அச்சுல ஏத்தினாதான் ஷூ. சோர்ஸ் கோடும் அப்படித்தான். கம்பைல் ஆனதும் கை தட்டாதீங்க. நேத்து ஓடினது இன்னைக்கும் ஓடுதான்னு பாருங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்!