புகையும் மரபுக்கொடையும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புகைபிடித்தலைக் குறித்துப் பேசப் புகுந்தால் நம்மவர் பலர் உடனே கூறும் விடை ஒன்றுண்டு. "எம் பாட்டனார் 90 பிராயம் வரையிற் சுருட்டுப் பிடித்தார், மார்வலி என்பதை அறியார், எங்கள் குடும்பத்து இரத்தம் அத்தகையது" என்பதே அது. இரத்தவழியில் அவ்வாறு ஒரு காப்பு வருதல் கூடும் என்பதை யான் மறுக்க வந்திலேன். அக்காப்பினைப் புகை என் செய்கின்றது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

நம் உடலின் 15-ஆம் குரோமோசோமில் ஏடாம்ட்ஸ்-7 என்னும் மரபணு ஒன்று உளது. அஃது ஆக்கும் நொதி, இருதயத்திற்குக் குருதி கொணரும் நாடிகளின் சுவர் தடிப்பதற்குத் துணைபோவது. சிலர்பால் அம் மரபணுவை அடுத்து ஓரெழுத்து வேறுபட்டிருக்கும். அவர்க்கு அந்நொதி குறைவாகவே உண்டாகும். பெற்றோர் வழி வந்த நற்பேறு இது. 2017-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, இருதய நாடிநோய் உற்றார் 60,919 பேரையும் நோயிலார் 80,243 பேரையும் ஒப்புநோக்கிற்று. என்றும் புகைத்திராதவர்க்கு அவ்வெழுத்து நோயை 12 விழுக்காடு குறைத்தது; புகைத்தவர்க்கோ 5 விழுக்காடே. பாட்டன் வைத்துப்போன செல்வத்திற் பாதிக்குமேல் புகையாய்ப் போயிற்று என்க. நாடித்தசையின் உயிரணுக்களிற் சிகரெட்டுப் புகையின் சாற்றைச் சேர்த்தபோது, குறைய வேண்டிய அந்நொதி பெருகியதையும் அவ்வாராய்ச்சியாளர் கண்டனர்.

எழுத்து மாறாமலே அதன் தொழில் மாறுவதும் உண்டு. தமிழாசிரியனாகிய எனக்கு இதனை விளக்குதல் எளிது. ககரத்தின் தலையில் ஒரு புள்ளி இட்டால் அதனுள் நின்ற அகரம் அடங்கிவிடுகிறதன்றோ? மரபணுக்களின்மீதும் இயற்கை இத்தகைய புள்ளிகளை இட்டு வைத்திருக்கின்றது. மெத்தில் என்பது அப்புள்ளியின் பெயர். புள்ளி ஏறிய மரபணு பெரும்பாலும் வாயடங்கி இருக்கும். (புள்ளியிடாது எழுதிய பழைய ஏடுகளால் பதிப்பாசிரியர் பட்ட பாடு வேறு கதை.) ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் 2011-இல் வெளியிட்டபடி, புகைப்போர் குருதியில் எப்.2.ஆர்.எல்.3 என்னும் மரபணுவின்மேற் புள்ளி குறைந்து காணப்படுகின்றது. குருதியை உறையச் செய்யும் தட்டணுக்களைத் தூண்டுவதற்குரிய வாயிலொன்றை ஆக்குவது அம் மரபணு.

நிற்க. பழக்கத்தை விட்டொழித்தால் புள்ளி மீளுமோ எனின், பெரும்பாலும் மீளும். ஏறத்தாழ 16,000 பேரின் குருதியை ஆய்ந்து 2016-இல் வெளியிட்ட முடிவின்படி, விட்ட 5 ஆண்டுக்குள் மாறுதலுற்ற இடங்களிற் பெரும்பாலான பழைய நிலை எய்தின. சில மட்டும் 30 ஆண்டு கழிந்தும் திரும்பவில்லை. 50 வயதினர் "இனி விட்டென்ன பயன்" என்று சொல்ல இடமில்லை.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். பிறர் விடும் புகையை வீட்டிலோ தொழிலிடத்திலோ சுவாசிப்பவர்க்கு, தாம் புகையாதவராயினும், இருதயநோய்க்கு ஏது 25 முதல் 30 விழுக்காடு மிகும் என்று அமெரிக்கத் தலைமைச் சுகாதார மருத்துவரின் 2006-ஆம் ஆண்டறிக்கை கூறுகின்றது. பாட்டனாரின் சுருட்டைப் புகழ்வோர், பாட்டியார் எந்நோயால் மறைந்தார் என்பதனையும் வீட்டிற் கேட்டறிந்து அடுத்த கூட்டத்தில் எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்.