மலைச்சரிவில் பற்றும் முறைஜுரம்
(அடையாற்றில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு ஆற்றப்பட்ட சொற்பொழிவு)



நீலகிரியில் 7,000 அடிக்கு மேற்பட்ட உதகையின் குளிரில் மலேரியாக் கிருமி கொசுவினுள் வளர்வது அரிது. கீழ்ச்சரிவுகளின் நிலைமை வேறு. 1897-ம் வருஷத்தில் ரொனால்டு ராஸ் என்னும் இராணுவ வைத்தியர் இந்த ஜுரத்தை ஆராயும்பொருட்டு உதகையிலிருந்து சீகூர்ச் சரிவுக்கு இறங்கினார். ஆராய வந்தவரையே ஜுரம் பிடித்துக்கொண்டது. அதே வருஷம் ஆகஸ்டு 20-ந் தேதி சிக்கந்தராபாத்தில், கொசுவின் வயிற்றில் அக்கிருமியை அவர் கண்டார்.

கொசு கடித்தவுடன் ஜுரம் வருவதில்லை. பெரும்பாலும் 10 அல்லது 15 நாள் செல்லும். சில சமயம் மாதங்களும் ஆகும். அதற்குள், கூலிக்கோ விறகுக்கோ கீழே சென்று இராத்தங்கியவன் மேட்டிலுள்ள தன் வீடு திரும்பிவிடுவான். உடல் நடுங்குங்கால் மலைக்குளிரென்றெண்ணிக் கம்பளியைப் போர்த்துப் படுப்பான். சரிவில் கழித்த இரவை ஒருவரும் நினைப்பதில்லை. வைத்தியரிடம் முதலில் சொல்லவேண்டியது அதுவே.

பல் கிட்டும் குளிர் முதலில் வரும். பிறகு தலைவலியும் வாந்தியும் கூடிய கடுஞ்சூடு. சில மணி நேரத்தில் வியர்வை பெருகி ஜுரம் இறங்கும். மறுநாள் நோயாளி எழுந்து வேலைக்குப் போவான். மோசம் இங்கேதான் நேருகிறது. மூன்றாம் நாள் குளிர் மறுபடியும் வரும். ஆரம்பத்தில் தினந்தோறும் வருவதுமுண்டு. இப்படிப் பல முறை வந்தால் இரத்தம் குன்றி முகம் வெளுக்கும். இடப்பக்கத்தில் மண்ணீரல் வீங்கும். விதைப்புக் காலத்தில் இவ்வாறு படுத்த குடியானவன் சங்கத்தின் தவணையையும் தவறவிடுவான்.

மற்றொரு வகை முறை தவறி வருவது, உயிரையும் வாங்கக்கூடியது. பிதற்றல், மயக்கம், வலிப்பு, கண் மஞ்சளித்தல், சிறுநீர் கறுத்தல் ஆகியவற்றில் ஒன்று காணினும் அப்பொழுதே வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லவேண்டும்.

முற்காலத்து மருந்து கொயினா. அதற்காகவே 1860 முதல் நீலகிரியில் சிங்கோனா மரம் பயிரிடப்பட்டது. இந்நாளில் இரத்தத்தைச் சோதித்து, வகையறிந்து மாத்திரை கொடுக்கின்றனர். முறைஜுரக் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து திரும்ப வருமாதலால், அதற்குத் தனி மருந்து பெரும்பாலும் 14 நாள் தரப்படும். மூன்றாம் நாளே சுகமாயிற்றென்று பொட்டலத்தை மாடத்தில் வைத்துவிடுவோர் பலர்! கர்ப்பிணிகளுக்கு அம்மருந்து ஆகாது. ஆகையால் பிறர் மிச்சத்தை வாங்கி உண்ணலாகாது.

அடையாற்றிலும் கவலை உண்டு. சென்னையில் இதைப் பரப்பும் கொசு சாக்கடையை நாடுவதில்லை; கிணற்றிலும் மாடித் தொட்டியிலுமுள்ள நல்ல நீரிலேயே முட்டையிடும். மூடி உடைந்த தொட்டிக்குப் புது மூடி வரும்வரை, இடைவெளியின்றித் துணியால் இறுகக் கட்டிவைத்தல் வேண்டும்.