பெயர் ஒன்று, ஆள் வேறு



அந்தக் காலத்தில் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கியில் கடன் கேட்கப் போனால், செட்டியார் ஆளைப் பார்ப்பார், ஊரை விசாரிப்பார், தெரிந்தவர் சொல்லை நம்பிப் பணம் கொடுப்பார். இன்று தேக்காவில் கடை போட வங்கியில் கடன் கேட்டால், வங்கி முதலில் புரட்டுவது கடன் தகவல் அறிக்கையை. 2002ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரில் இதற்கென்று ‘கிரெடிட் பியூரோ சிங்கப்பூர்’ நிறுவனம் இயங்கி வருகிறது.

அந்த அறிக்கையே தவறாக இருந்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் நடந்த ராமிரெஸ் வழக்கு இதற்குப் பதில் சொல்கிறது. 2011ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் ஒருவர் மனைவியோடும் மாமனாரோடும் கார் வாங்கப் போனார். விற்பனையாளர் அறிக்கையைப் பார்த்தார். கார் தர முடியாது என்றார். காரணம், அவர் பெயர் பயங்கரவாதிகள், போதைப்பொருள் கடத்துவோர் அடங்கிய அரசாங்கப் பட்டியலோடு பொருந்துகிறதாம்! கடைசியில் மனைவி பெயரில் கார் வாங்கினார்கள்.

நடந்தது என்ன? டிரான்ஸ்யூனியன் நிறுவனம் முதற்பெயரையும் குடும்பப் பெயரையும் மட்டுமே ஒப்பிட்டுப் பார்த்தது. பிறந்த தேதியைக்கூடச் சரிபார்க்கவில்லை. இப்படிச் சிக்கியவர்கள் மொத்தம் 8,185 பேர். அவர்கள் அனைவருக்காகவும் வழக்கு நடந்தது. 2017ல் ஜூரி 6 கோடி டாலருக்கும் அதிகமான தொகையை வழங்கியது. மேல்முறையீட்டில் அது சுமார் 4 கோடியாகக் குறைந்தது.

2021ல் உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், ஒரு கோடு கிழித்தது. தவறான தகவல் வெளியாருக்கு அனுப்பப்பட்ட 1,853 பேர் மட்டுமே அதற்காக இழப்பீடு கேட்கலாம். மற்ற 6,332 பேரின் கோப்பிலும் அதே தவறுதான். ஆனால் அது வெளியே போகாததால் பாதிப்பு இல்லை என்றது தீர்ப்பு. ‘பயங்கரவாதி’ என்று முத்திரை குத்திய கோப்பு அலமாரியில் கிடந்தால் அது பாதிப்பில்லையா என்று கேட்டவர்களும் உண்டு.

சிங்கப்பூருக்கு வருவோம். இங்கே அடையாள அட்டை எண் இருப்பதால் பெயர்க் குழப்பத்துக்கு இடம் குறைவு. ஆனாலும் அடைத்த கடன் அடையாததாகப் பதிவாகிவிட்டால் போதும், வீட்டுக் கடன் நின்றுவிடும். 2016ல் நிறைவேறி 2021 மே 31ல் நடப்புக்கு வந்த கடன் தகவல் நிலையச் சட்டம், இந்நிறுவனங்களை நாணய ஆணையத்தின் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. தம் பதிவைப் பார்க்கவும் திருத்தக் கோரவும் பொதுமக்களுக்கு உரிமை உண்டு. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை மீறியதால் நேரடியாக இழப்பு ஏற்பட்டால் வழக்கும் தொடரலாம். மன உளைச்சலும் இழப்புதான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022ல் தீர்ப்பளித்தது.

ஆனால் வழக்கு என்பது வீடு எரிந்த பிறகு தண்ணீர் தேடும் வேலை. அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கிரெடிட் பியூரோவின் உறுப்பினராக உள்ள வங்கியில் புதிய கடனுக்கோ அட்டைக்கோ விண்ணப்பித்தால், ஒப்புதல் அல்லது மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் அறிக்கையை இலவசமாகப் பெறலாம். வரி வரியாகப் படியுங்கள். தவறு தெரிந்தால் எழுத்துமூலம் புகார் செய்யுங்கள், பணம் கட்டிய ரசீதை இணையுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

கிட்டங்கியில் சந்தேகம் வந்தால் செட்டியார் நேரில் கேட்பார். அறிக்கை யாரையும் கேட்காது. நாம்தான் அதைக் கேட்க வேண்டும்.