சத்துப் புட்டியும் சட்டமும்



அமெரிக்காவில் வாழும் மக்கள் அனுப்பும் சத்து மாத்திரைப் புட்டிகள் நம் காலனி வீடுகளில் இடம்பெற்றுள்ளன. அந்நாட்டுச் சட்டம் அவற்றை எவ்வாறு கருதுகிறது என்பதை நாம் அறிதல் நலம்.

1937ஆம் ஆண்டில் அங்கே சல்பனிலமைடு மருந்தை நச்சு நீர்மத்தில் கரைத்து விற்றனர்; 100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் எழுந்த 1938ஆம் ஆண்டுச் சட்டம், புது மருந்து தீங்கற்றது என்பதை விற்பனைக்கு முன்பே மெய்ப்பிக்கச் சொன்னது. 1962ஆம் ஆண்டுத் திருத்தம், அது பயன் தரும் என்பதையும் மெய்ப்பிக்கப் பணித்தது.

உணவுக்குப் பெரும்பாலும் இத்தகைய முன்னனுமதி வேண்டுவதில்லை; கலப்படமும் பொய்விவரச் சீட்டும் குற்றமாகும். 1994ஆம் ஆண்டுச் சட்டம் சத்துப் பொருள்களையும் உணவின் இனத்தில் சேர்த்தது. ஆகவே, பொதுவாக அவை முன் ஒப்புதலின்றியே கடைக்கு வருகின்றன. அவை தீங்கானவை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசைச் சார்ந்தது. புட்டியின்மேல் ‘எலும்புக்கு வலிமை’ எனலாம். ‘மூட்டுநோய் தீர்க்கும்’ எனலாகாது. முன்னதற்கும், அரசு இதனை மதிப்பிடவில்லை என்னும் குறிப்பு உடனிருத்தல் வேண்டும்.

பிள்ளைகளின் அன்பைப் போற்றுவோம். ஆனால் மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் புட்டியை நம்புதல் வேண்டா. அவரிடம் காட்டிய பின்னரே உண்போம்.